மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 36. சைவ உணவுதான். சில மாதங்களாகவே அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. தோழி சொன்னதால் ஸ்பைருலினா பொடி 200 கிராம் வாங்கினேன். முதல் நாள் காலை வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டுக் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கையை எடுத்ததுமே குளத்துப் பாசி வாடை தூக்கியது, வாந்தி எடுத்துவிட்டேன். மறுநாள் தேன் கலந்து பார்த்தேன், இன்னும் மோசம். என் ஏழு வயது மகள் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, “மீன் தொட்டி கழுவின தண்ணியாம்மா?” என்று கேட்டாள். டப்பா ஒரு மாதமாக அலமாரியில் கிடக்கிறது. வீணாக்க மனமில்லை. வாடை தெரியாமல் சாப்பிட வழி இருக்கிறதா? சமையலில் சேர்க்கலாமா? மாத்திரையாகப் போட்டால் பலன் குறையுமா? மகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஸ்பைருலினாவைத் தமிழில் சுருள்பாசி என்கிறோம். பாசி என்று பெயர் இருந்தாலும், இது நீலப்பச்சை நிறமுள்ள ஒருவகை பாக்டீரியா. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாகத் தெரியும். இந்தக் குடும்பத்து நுண்ணுயிர்கள் பலவும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை பட்ட மண்ணின் வாசனை, பீட்ரூட்டின் மண்வாடை, குளத்து மீனின் சேற்று வாடை, எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். மனித மூக்கு இதைப் பிடிப்பதில் படு கெட்டி. தண்ணீரில் லட்சம் கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். அதோடு, பொடியாக்கக் காயவைக்கும்போதும் பிறகு டப்பாவில் கிடக்கும்போதும் சுருள்பாசியில் உள்ள கொழுப்பும் கரோட்டின் நிறமிகளும் காற்றுப் பட்டுச் சிதையும். அப்போது கிளம்புவதுதான் வைக்கோல் வாடையும் கடற்பாசி வாடையும். வளர்ந்த தொட்டியிலிருந்து வடிகட்டி எடுத்த பச்சைப் பசையில் ஏறக்குறைய ஒரு சுவையும் இருக்காது. நமக்கு வந்து சேரும் பொடிதான் இப்படி.

வழி சொல்லத்தான் போகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வாந்தி இல்லை, 10.2 என்ற எண். அதை முதலில் பேசிவிடலாம்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 8-லிருந்து 10.9 வரை நடுத்தர நிலை. நீங்கள் அதில் இருக்கிறீர்கள். மூச்சும் வாங்குகிறது. இந்த இடத்தில் ஸ்பைருலினா என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பொடியில் இரும்புச்சத்து சுமார் 28 மில்லிகிராம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. நாளுக்கு 3 கிராம் என்றால் 1 மில்லிகிராம்கூட வராது. மாதவிலக்கு உள்ள வயதில் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 18 மில்லிகிராமாவது தேவை என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. ஏற்கெனவே இருப்புக் குறைந்துபோன உடம்புக்கு அந்த 1 மில்லிகிராம் எந்த மூலைக்கு?

சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பைருலினாவில் வைட்டமின் பி12 நிறைய இருப்பதாகச் சில டப்பாக்களில் அச்சடித்திருப்பார்கள். அதில் பெரும்பகுதி போலி பி12 எனப்படும் வடிவம். பார்க்க அசல் மாதிரி இருக்கும், மனித உடம்பில் வேலை செய்யாது. பி12 குறைந்தாலும் இரத்தசோகை வரும், அசதி வரும். ஸ்பைருலினா சாப்பிடுகிறோமே என்று அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் அளவு), பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் போடுங்கள், அதுதான் மருந்து.

சரி, அப்படியானால் ஸ்பைருலினா எதற்கு? அது ஒரு நல்ல துணை உணவு. உலர்ந்த பொடியில் பாதிக்கு மேல் புரதம். செல்லைச் சுற்றி செல்லுலோஸ் சுவர் கிடையாது, அதனால் சுலபமாகச் செரிக்கும். பீட்டா கரோட்டின் உண்டு, ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமியும் உண்டு. இதையும் அளவோடு புரிந்துகொள்ளுங்கள். 3 கிராம் பொடியில் புரதம் 2 கிராமுக்கும் குறைவு, ஒரு டம்ளர் பாலில் 8 கிராம் இருக்கிறது. ஆகவே உங்களைக் காப்பாற்றப் போகிற மருந்து என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடித்த வடிவத்தில், கொஞ்சமாகச் சாப்பிடலாம். பிடிக்கவே இல்லையென்றால் விட்டுவிடலாம். இந்த நிம்மதியோடு மேலே படியுங்கள்.

முதல் நாள் என்ன நடந்தது? சூடு, வெறும் தண்ணீர், வெறும் வயிறு, அதிக அளவு, நான்கும் ஒன்றுசேர்ந்துவிட்டன. இவற்றில் பெரிய குற்றவாளி சூடுதான். வாடை என்பது காற்றில் பறக்கும் பொருள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஆவியோடு கிளம்பி நேரே மூக்குக்கு வரும். அதே கலவை ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருந்தால் வாடை பாதிகூடக் கிளம்பாது. மூக்கைப் பிடித்தது ஏன் உதவவில்லை என்றும் யோசித்திருப்பீர்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலதான். ‘பாசி’ என்று நாம் உணர்வது மூக்கில். விழுங்கும்வரை மூக்கை அடைத்து வைத்திருந்தீர்கள், கையை எடுத்து மூச்சை விட்டதும் தொண்டையில் தங்கியிருந்த வாடை முழுவதும் பின்பக்கமாக மூக்குக்குள் ஏறியது. தவணையில் வர வேண்டியது மொத்தமாக ஒரே நொடியில் வந்தால் குமட்டத்தான் செய்யும்.

அளவைப் பற்றி. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ இரண்டரை கிராம். குவித்து அள்ளினால் நாலு, ஐந்து கிராமுக்குப் போய்விடும். பழகாத வயிற்றுக்கு முதல் நாளே இது அதிகம். வாடையே இல்லையென்றாலும் வயிறு உப்பலும் தலைவலியும் சிலருக்கு வரும். கால் தேக்கரண்டியில் ஆரம்பியுங்கள். ஒரு வாரம் அதிலேயே இருங்கள். அப்புறம் அரை, அப்புறம் ஒன்று. ஒரு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

தேன் ஏன் மோசமாக்கியது என்பது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் அதில்தான் இந்தப் பொடியின் குணம் தெரிகிறது. ஸ்பைருலினா இயல்பில் உப்போடும் காரத்தோடும் சேர்கிற பொருள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக் கரையில் வாழும் பெண்கள் பல தலைமுறைகளாக இதை ஏரியோரக் குட்டைகளிலிருந்து அள்ளி, மணலில் பரப்பிக் காயவைத்து, வில்லைகளாக உடைத்து எடுக்கிறார்கள். ‘திஹே’ என்று பெயர். அதைத் தக்காளி, மிளகாய் போட்ட குழம்பில் கரைத்து, சிறுதானியக் களியோடு சாப்பிடுகிறார்கள். மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியில் வலையால் அரித்தெடுத்துக் காயவைத்த வில்லையைச் சாப்பிட்ட ஸ்பானியர்கள், அது பாலாடைக்கட்டி போல இருந்தது என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். ஆக, இதை நெடுங்காலம் சாப்பிட்டவர்கள் யாரும் காலையில் வெறும் தண்ணீரில் கலக்கிக் குடித்ததாகத் தெரியவில்லை. தேன் நாக்குக்கு இனிப்பு தரும், ஆனால் இந்த வாடையை அமுக்கும் அளவு மணம் அதில் இல்லை. இனிப்பும் பாசியும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். கடல் தண்ணீரில் சர்க்கரை போட்ட மாதிரி.

அதனால் உப்பு வழியை முதலில் சொல்கிறேன். கெட்டித் தயிரை ஒரு துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்து வெண்ணெய் பதத்துக்கு வரும். நான்கு மேசைக்கரண்டி தயிருக்கு ஒரு சின்னப் பல் பூண்டை நசுக்கிப் போட்டு, உப்பு, பொடியாக நறுக்கிய புதினா, கால் தேக்கரண்டி ஸ்பைருலினா சேர்த்துக் குழையுங்கள். கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். வெள்ளரிக்காய்த் துண்டை இதில் தொட்டுச் சாப்பிட்டால் ஏதோ கீரையும் பூண்டும் போட்ட கலவை என்றுதான் தோன்றும். பூண்டும் புதினாவும் மூக்கைப் பிடித்துக்கொள்கின்றன, தயிரின் கொழுப்பு வாடைப் பொருள்களைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது, எலுமிச்சை ஜியோஸ்மினையே குலைக்கிறது. ஆமாம், அமிலம் பட்டால் ஜியோஸ்மின் வாசனையில்லாத வேறொரு பொருளாக மாறும். ஆற்று மீனைச் சமைக்கிறவர்கள் எலுமிச்சையோ வினிகரோ போட்டுக் கழுவுவது இதனால்தான். ஒன்று மட்டும், எலுமிச்சை பிழிந்தபின் நேரம் கடத்தாதீர்கள். அந்த நீல நிறமி புளிப்பில் நிற்காது, திரிந்து நிறம் மங்கிவிடும். பிழிந்தோம், சாப்பிட்டோம் என்று இருக்க வேண்டும்.

சூப்பிலும் போடலாம். ஆனால் தக்காளி சூப்பில் போட்டுவிடாதீர்கள். சுவை சரியாகவே இருக்கும், சிவப்பும் பச்சையும் சேர்ந்து சேற்று நிறம் வந்துவிடும். கண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாக்கு கேட்காது. பச்சையைப் பச்சையில்தான் ஒளிக்க வேண்டும். கீரை சூப், பச்சைப் பட்டாணி சூப், மசித்த அவகாடோ, இவற்றில் போட்டால் நிறம் இன்னும் அழகாகும். இன்னொரு சுலபமான வழி மக்காச்சோளப் பொரி. பொரித்த சூட்டோடு ஒரு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டுப் புரட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, கொஞ்சம் ஆறியதும் கால் தேக்கரண்டி பொடியைத் தூவிக் குலுக்குங்கள். பொரியில் ஒட்டிக்கொண்டு, கடற்பாசித் தகடு வறுவல் மாதிரி ஒரு சுவை வரும். பொடியையே வெறுத்த சிலர் இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“சமையலில் சேர்க்கலாமா?” என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. கொதிக்கும்போது போடக் கூடாது, அடுப்பை அணைத்து, வாயில் வைக்கிற சூட்டுக்கு வந்தபிறகு கலக்க வேண்டும். நீல நிறமி 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகமாகச் சிதையும். கொதிக்கவிட்டால் வாடையும் வீடு முழுக்கப் பரவும். அதற்காக, தப்பித்தவறிச் சூடுபட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று கொட்டிவிடவும் வேண்டாம். புரதமும் இரும்பும் சூட்டில் எங்கேயும் ஓடிவிடாது. ரொட்டி மாவிலும் பாஸ்தா மாவிலும் சேர்த்துச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறம்தான் மங்கும்.

இனிப்பாகத்தான் வேண்டும் என்றால் தேனை விட்டுவிட்டுப் பழத்துக்குப் போங்கள். பழத்தில் இனிப்போடு மணமும் புளிப்பும் உண்டு. எனக்கு எப்போதும் கைகொடுப்பது வாழைப்பழமும் அன்னாசியும். நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழமாகப் பாருங்கள், அப்போதுதான் மணம் முழுமையாக இருக்கும். உரித்துத் துண்டாக்கி முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் அந்த உறைந்த துண்டுகளையும் ஒரு கைப்பிடி அன்னாசியையும் ஒரு சின்னத் துண்டு இஞ்சியையும் கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீரோடு மிக்சியில் அடித்து, வழவழவென்று ஆனபிறகு பொடியைப் போட்டு ஒரே ஒரு சுற்று விடுங்கள். ஐஸ்கிரீம் பதத்தில் பளிச்சென்ற பச்சையில் வரும். டம்ளரில் ஊற்றி உறிஞ்சுவதைவிடக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிடுவது நல்லது. குடிக்கும்போது மூக்கு டம்ளருக்குள்ளேயே இருக்கும், கரண்டியில் அந்தத் தொல்லை இல்லை. மூடியும் ஸ்ட்ராவும் உள்ள டம்ளர் இருந்தால் அதுவும் சரி.

மிக்சி இல்லாத நேரத்தில் கட்டி கட்டுவதுதான் பெரிய சிக்கல். டம்ளர் நிறைய நீரின் மேல் பொடியைத் தூவினால் அது பச்சை உருண்டைகளாகத் திரண்டு மிதக்கும். வெளியே ஈரம், உள்ளே உலர்ந்த பொடி. வாயில் அது உடைந்தால் அப்படியே அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வாந்தி வந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். பொடியை முதலில் டம்ளரின் அடியில் போட்டு, இரண்டு கரண்டி திரவம் மட்டும் விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துக் குழம்பு மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். மீதியை அப்புறம் ஊற்றுங்கள். மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் நன்றாகக் கரையும்.

சாக்லேட் பிடிக்குமா? இனிப்புச் சேர்க்காத கோகோ தூள் இந்த வாடையை அமுக்குவதில் பழங்களையே மிஞ்சும். நிறமும் கோகோவின் கருமைக்குள் மறைந்துபோகும். விதை எடுத்த பேரீச்சம்பழம் பத்து, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, கோகோ இரண்டு தேக்கரண்டி, ஸ்பைருலினா ஒரு தேக்கரண்டி, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பத்து உருண்டை பிடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாளுக்கு இரண்டு. ஒரு உருண்டைக்குக் கால் கிராம்தான் வரும், அதனால் பழகுவதற்கு இது நல்ல வழி.

டீ, காபியில் கலக்காதீர்கள். சூடு ஒரு காரணம். அவற்றில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் பிடித்துக்கொள்வது இன்னொரு காரணம். இரும்பு மாத்திரை ஆரம்பித்தாலும் இதே விதிதான், டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். தயிரிலும் பாலிலும் உள்ள கால்சியம்கூட இரும்பைக் கொஞ்சம் தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் இரும்பே 1 மில்லிகிராமுக்குள் என்பதால், தயிர்க் கலவை பிடித்திருந்தால் அதற்காக அதை விட வேண்டாம். மாத்திரையைப் பாலோடு போடாமல் இருந்தால் போதும்.

மாத்திரை வடிவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலன் குறையாது. பொடியை அழுத்தினால் மாத்திரை, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒன்று 500 மில்லிகிராம் இருக்கும், ஆறு போட்டால் 3 கிராம். 250 மில்லிகிராமிலும் வருகிறது, லேபிளைப் பாருங்கள். ஒன்றிரண்டில் தொடங்கிக் கூட்டுங்கள். நாக்கில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் கரையத் தொடங்கிப் பச்சை இறங்கிவிடும், குளிர்ந்த தண்ணீரோடு சட்டென்று விழுங்க வேண்டும். சிலருக்குப் பிறகு ஏப்பத்தில் வாடை வரும். சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் அது குறையும். கேப்ஸ்யூலாக வாங்கினால் ஒரு கவனம்: மேலுறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கிலிருந்து வருவது. சைவ உறை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்களைப் போல ஒருமுறை வாந்தி எடுத்தவர்களுக்கு மாத்திரைதான் முதல் வழி என்று நான் சொல்வேன். வாந்தி எடுத்த உணவை மூளை நெடுநாள் மறக்காது. இரண்டு மூன்று மாதம் போகட்டும், பிறகு வாழைப்பழக் கலவைக்கு வரலாம்.

இப்போது அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கு வருவோம். மேலே சொன்ன எதையும் செய்வதற்குமுன் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, விரலால் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். காய்ந்த புல், கடற்பாசி போன்ற வாடை என்றால் அது அதன் இயல்பு. அழுகிய மீன், அம்மோனியா, கெட்டுப்போன எண்ணெய் போன்ற வாடை அடித்தால் பொடி கெட்டுவிட்டது, மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். நிறத்தையும் பாருங்கள். ஆழ்ந்த நீலப்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்போ மஞ்சளோ கலந்த பச்சை என்றால் வெயிலோ சூடோ காற்றோ பட்டுப் பழசாகியிருக்கிறது. வாங்கியபோதே அப்படி இருந்திருக்கலாம். அந்த வாந்திக்கு உங்கள் நாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. நல்ல பொடி என்றால் சின்னச் சின்னக் காற்றுப்புகாத பாட்டில்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் வைத்து, திறந்ததை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர் போனபிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது.

டப்பாவின் மேல் இன்னொன்றையும் தேடுங்கள்: கன உலோகங்களுக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுக்கும் பரிசோதிக்கப்பட்டது என்ற குறிப்பு. ஸ்பைருலினாவில் அந்த நச்சு இயல்பாக வராது. கட்டுப்பாடில்லாத நீரில் வளர்த்தால் நச்சு உண்டாக்கும் வேறு நீலப்பச்சைப் பாசிகள் கூடவே வளர்ந்து கலந்துவிடும், அது கல்லீரலுக்குக் கெடுதல். பரிசோதனை விவரத்தைக் கேட்டால் கொடுக்கிற தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். குறிப்பே இல்லாத டப்பாவை நான் என் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

லூபஸ், முடக்கு வாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் (நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தொடவே கூடாது. உங்களுக்கு இதில் எதுவும் இருப்பதாக எழுதவில்லை, இருந்தால் மேலே சொன்ன எந்த வழியும் உங்களுக்கில்லை. சாப்பிடத் தொடங்கினால் மலம் கரும்பச்சையாகப் போகலாம், பயப்பட வேண்டாம். இரும்பு மாத்திரையிலும் கறுப்பாகப் போகும்.

மகளுக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஏழு வயதுக் குழந்தைக்குத் தேவையான புரதமும் இரும்பும் பருப்பு, கீரை, பால், பழம் என்று சாப்பாட்டிலிருந்தே வர முடியும். பொடியில் மாசு எதுவும் கலந்திருந்தால் சின்ன உடம்பில் பாதிப்பும் அதிகம். அவளும் அசதியாக, வெளிறிப்போய் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், உங்கள் பரிசோதனையோடு அவளையும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் செய்து வைக்கும் மக்காச்சோளப் பொரியில் ஆசைப்பட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாளென்றால் அதற்காகப் பதற வேண்டாம்.

பொடி முகர்வதில் தேறி, மாத்திரையோ தயிர்க் கலவையோ ஒத்துக்கொண்டால் தொடருங்கள். இரண்டு வாரம் முயன்றும் நினைத்தாலே குமட்டுகிறது என்றால் டப்பாவை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், உங்கள் உடம்புக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப் போடுவதுதான் நட்டம். ஃபெரிட்டினும் பி12-உம் எவ்வளவு என்று தெரிந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். இரும்பு மாத்திரையோடு எதைச் சாப்பிடுவது, எதைத் தள்ளி வைப்பது என்று நேரம் போட்டு எழுதி அனுப்புகிறேன்.